இபில்-இபில் இலைத்தூள்: குட்டிகளுக்கு வாங்கலாமா?

திருகோணமலைப் பக்கம் 25 கிலோ உரப்பையில் கிடைக்கும் காய்ந்த இபில்-இபில் (சவுண்டல்) மர இலையை வளரும் ஆட்டுக்குட்டிகளுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது புண்ணாக்கின் இடத்துக்கு மட்டும்தான். "இதுவே முழுத்தீன்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

நல்ல இலையில் புரதம் 20 முதல் 25 சதவீதம். தேங்காய்ப் புண்ணாக்குக்குச் சளைத்ததல்ல. சிக்கல் மிமோசின் என்ற நச்சு. வெயிலில் காய்ந்தால் ஓரளவு குறையுமே தவிர முற்றாகப் போகாது. வயிற்றுக்குள் அது வேறொரு பொருளாக மாறித் தைரொயிட் சுரப்பியைக் கெடுக்கும். அளவு மிஞ்சினால் மயிர் உதிரும், வாயில் நீர் வடியும், கழுத்து வீங்கும், குட்டி வளராமல் நின்றுவிடும். அதனால் ஒரு நாள் தீனின் உலர்நிறையில் (ஈரம் போக மிஞ்சும் நிறையில்) 30 சதவீதம்தான் எல்லை.

15 கிலோக் குட்டிக்கு ஒரு நாள் கணக்கு இப்படி: இலைத்தூள் 150 கிராம், தவிடு 100 கிராம் (சீனக்குடா மாவாலையின் கோதுமைத் தவிடு கிடைத்தால் நல்லது), பச்சைப்புல்லோ வேறு குழையோ ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் உப்பு. எடுத்த எடுப்பில் 150 கிராம் போட வேண்டாம். 30 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். ஐந்து குட்டிக்கு ஒரு பை ஒரு மாதம் தாங்கும். சினை ஆட்டுக்குத் தவிர்ப்பதே நல்லது.

பையைக் கட்டாயம் அவிழ்த்துப் பாருங்கள். இலை பச்சை நிறம் மாறாமல், கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் மழையில் நனைந்த சரக்கு. ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மணல் கலந்திருந்தால் அடியில் தங்கிவிடும். தடிக்குச்சி கூடினால் புரதம் குறையும். நிறைக்குத்தான் காசு போகிறது. மாரியில், ஒக்டோபருக்குப் பிறகு, மொத்தமாக வாங்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வாடை வந்த பையை ஆட்டுக்குக் காட்டவே கூடாது.

வேலியோரம் மரம் நிற்பவர்களுக்கு இந்தச் செலவு வீண். நாலு கிலோப் பச்சைக்குழை ஏறக்குறைய ஒரு கிலோக் காய்ந்த இலை தரும். தறப்பாளில் இரண்டு நாள் காயவிட்டுத் தட்டினால் இலை தானாக உதிரும். நகருக்குள் கொட்டில் வைத்திருப்பவர்களுக்கே பை தோது.

பைக்குள் முற்றிய காய் கிடந்தால் பொறுக்கி எரித்துவிடுங்கள். விதைத்தோல் கடினம், ஆட்டின் வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு தோட்டத்துக்குப் போய் முளைக்கும். பிறகு அதைப் பிடுங்கி மாளாது.