டிஸ்கோ ஜூ: மூலையில் பதுங்கும் பன்றியும் தூங்கி விழும் வரிக்குதிரையும்

மிருகக்காட்சிசாலை கட்டும் விளையாட்டுகளுக்குக் கைப்பேசியில் பஞ்சமே இல்லை. கூண்டு போடு, காத்திரு, காசை அள்ளு, அடுத்த கூண்டு போடு. பெரும்பாலானவை சில நாளிலேயே சலித்துவிடும். டிஸ்கோ ஜூ மட்டும் விதிவிலக்கு. 2014இல் வந்த இந்த விளையாட்டு, கைப்பேசியை மாற்றியபோதெல்லாம் என்னுடன் கூடவே வந்திருக்கிறது.

‘டைனி டவர்’ என்ற கைப்பேசி விளையாட்டைச் செய்த நிம்பிள்பிட் நிறுவனமும் மில்க்பேக் கேம்ஸும் சேர்ந்து உருவாக்கியது இது. பழைய வீடியோ கேம் போலச் சதுரம் சதுரமான ஓவியம். முதல் பார்வையில் குழந்தைகள் சமாச்சாரம் என்று தோன்றும். விலங்கு பிடிக்கக் கிளம்பிய பிறகுதான் விஷயம் பிடிபடும்.

இங்கே விலங்குகளைக் கடையில் வாங்க முடியாது. காசு கட்டிப் பண்ணை, சவானா என்னும் வெப்பப் புல்வெளி, துருவம் என்று ஏதாவது ஒரு நிலத்துக்குப் போக வேண்டும். அங்கே ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டங்கள். தட்டுவதற்குப் பத்து வாய்ப்பு. ஒரு விலங்கு மறைந்திருக்கும் கட்டங்கள் அனைத்தையும் திறந்தால்தான் அது நம் கைக்கு வரும். ஒன்று பாக்கி என்றாலும் போயிற்று. ஆனால் ஒவ்வொரு விலங்குக்கும் மாறாத வடிவம் ஒன்று உண்டு. செம்மறியாடு குறுக்கே நான்கு கட்டம், முயல் நெடுக்கே நான்கு, பசு குறுக்கே மூன்று, குதிரை நெடுக்கே மூன்று, பன்றி இரண்டுக்கு இரண்டு சதுரம்.

என்னைக் கட்டிப்போட்டது இந்த வடிவங்கள்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து கட்ட வரிசையில் மூன்றோ நான்கோ கட்டம் நீளமுள்ள விலங்கு எங்கே படுத்தாலும் நடுக்கட்டத்தைத் தொடாமல் படுக்க முடியாது. ஆகவே செம்மறியாடும் பசுவும் நடு நெடுவரிசையில் கட்டாயம் அகப்படும். முயலும் குதிரையும் நடுக் கிடைவரிசையில் அகப்படும். பன்றி மட்டும் நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றில் ஒடுங்கிக்கொண்டால் இந்தக் கூட்டல் குறிக்குச் சிக்காது. அதற்கு வேறு வழி: இரண்டாவது, நான்காவது வரிசைகளில் இரண்டாவது, நான்காவது கட்டங்கள். இந்த நான்கில் ஒன்று பன்றியின் மேல் விழுந்தே தீரும். இரண்டு மூன்று வகை விலங்குகள் சேர்ந்து ஒளிந்திருக்கும்போது இரண்டு உத்திகளையும் கலந்து, ஒன்று வெளிப்பட்டதும் மற்றதற்கு எங்கே இடம் மிச்சம் என்று கணக்குப் போட வேண்டும். பத்துத் தட்டலுக்குள் இவ்வளவும். “இன்னும் அந்தப் பன்றியைத்தான் தேடுகிறீர்களா?” என்று வீட்டில் கேட்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

பிடித்த பிறகு நடப்பது அவ்வளவு சுவாரசியம் இல்லை. விலங்கு விழித்திருந்தால் பார்வையாளர் வருவார், காசு விழும். சற்று நேரத்தில் அது தூங்கிவிடும், வருமானம் நிற்கும். நாம் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். ஒரே இனத்தில் எண்ணிக்கை கூடக்கூட விழித்திருக்கும் நேரமும் கூடும் என்பதால், பிடித்த இனத்தையே மறுபடி பிடிக்க ஆசை வரும். ஆப்பைத் திறக்க வைக்கும் தந்திரம் இது என்று தெரிந்தே எழுப்பிக்கொண்டிருப்போம். அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது. வரிக்குதிரை தூங்கினால் உலகம் நின்றுவிடாது.

டிஸ்கோபக்ஸ் என்ற தனி நாணயம் கொடுத்தால் டிஸ்கோ விளக்கு சுழலும், தூக்கம் கலைந்து எல்லா விலங்குகளும் ஆடும், வருமானம் இரட்டிப்பாகும். நான் அதைப் பணம் கொடுத்து வாங்கியதில்லை. பொறுமை இருந்தால் விளையாட்டிலேயே அவ்வப்போது கிடைப்பது போதும்.

ஒவ்வொரு நிலத்திலும் புராண விலங்கு ஒன்று உண்டு. பண்ணையில் யூனிகார்ன் என்னும் ஒற்றைக்கொம்புக் குதிரை, துருவத்தில் யெட்டி என்னும் பனிமனிதன். எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலிய நிலத்தின் டிடாலிக். அந்நாட்டுப் பழங்குடிக் கதையில் வரும் தவளை அது. உலகத்துத் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருக்க, அதைச் சிரிக்க வைக்க மற்ற விலங்குகள் படாத பாடு படும். கடைசியில் விலாங்கு மீன் உடலை வளைத்து நெளித்து ஆடியதைப் பார்த்துச் சிரித்து, தண்ணீரைக் கக்கிவிடும். அந்தத் தவளையை டிஸ்கோவில் ஆட விட்டவருக்குக் கதை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

டைனோசர் காலத்தையும் நிலவையும் எட்டும்போது வேகம் குறைகிறது. பயணச் செலவு ஏறிக்கொண்டே போகும். காசு சேரக் காத்திருக்கும் நேரம், புதிர் போடும் நேரத்தைவிட நீளும். கூண்டை விதவிதமாக அலங்கரிக்க விரும்புகிறவர்களுக்கு இங்கே தீனி இல்லை. புதிர்ப் பிரியர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். அவர்களுக்கு ஒரு யோசனை: வடிவங்களை இணையத்தில் தேடாதீர்கள். பண்ணையிலேயே கொஞ்ச காலம் தங்கி ஐந்தையும் தாமாகவே மனத்தில் பதியவிட்டு, பிறகு அடுத்த நிலத்துக்கு டிக்கெட் எடுங்கள்.