இலங்கை மலைநாட்டில் எல்ல, அப்புத்தளைப் பக்கம் வேன் பிடித்துச் சுற்றப் போகிறீர்களா?

அப்படியானால் வேனில் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆகஸ்ட் விடுமுறையில் நான், மனைவி, மகள், அம்மா நாலு பேரும் கொழும்பிலிருந்து பண்டாரவளைக்குப் போயிருந்தோம். அங்கிருந்து ஒரு நாள் சுற்றுலாவில் 15,000 ரூபாய்க்கு மேல் ஏமாந்துவிட்டு வந்தோம். காசை விட, ஏமாந்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஸ்டாண்டில் நின்ற வேன்காரத் தம்பி நன்றாகத் தமிழ் பேசினார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் 28 வருடம் கொழுந்து பறித்தவர் என்று தெரிந்ததும், "அண்ணே, நாமளும் லயத்துல பொறந்தவங்கதான். ஒங்ககிட்ட போய் கூட வாங்குவனா? எல்லாஞ் சேத்து 12,000 குடுங்க" என்றார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர் என்றதே எனக்குப் போதுமாக இருந்தது. 'எல்லாம்' என்றால் எதெல்லாம் என்று கேட்கவில்லை. அவர் சிங்களத்தில் பேசியிருந்தால் கேட்டிருப்பேன், அதுதான் வெட்கம்.

முதலில் அப்புத்தளைப் பக்கம் உள்ள லிப்டன் சீட் காட்சிமுனைக்குப் போகலாம் என்றேன். அங்கே காலை ஒன்பது, பத்து மணிக்குள்ளேயே மூட்டம் ஏறிவிடும், விடியக்காலையில் போனால்தான் உண்டு. அவரோ, "இல்லண்ணே, எல்லவுல கூட்டம் வாறதுக்கு முன்னாடி அத முடிச்சிருவம்" என்றார். சரி என்று விட்டேன். எல்லவுக்குப் போகும் வழியிலேயே ஒரு தேயிலைக் கடையில் வண்டியை நிறுத்தினார். 'பெக்டரி விலை' என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். சில்வர் டிப்ஸ் என்று 4,500 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். பெட்டியில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இல்லை, பொதி செய்தவர் பெயரும் இல்லை. வீட்டில் பிரித்ததும் அம்மா உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். சில்வர் டிப்ஸ் என்றால் விரியாத மொட்டு, வெள்ளிப் பூனைமயிர் மாதிரி இருக்க வேண்டும். இதில் இருந்தது கறுப்பு இலைத்தூள். "நாங்க பறிச்சத எங்களுக்கே விக்கிறான், அதயும் மாத்தி விக்கிறான்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலையும் தவறவிட்டோம். 1921-ல் கட்டி முடித்த பாலம், இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது. பார்க்கப் பார்க்க அலுக்காது, அதில் குறையில்லை. குறை என்னவென்றால், டிக்கெட் என்று தலைக்கு 500 ரூபாயை அவர் வேனிலேயே வாங்கிக்கொண்டார். கீழே இறங்கினால் அன்றைக்கு அங்கே டிக்கெட் கொடுக்கிற ஆளும் இல்லை, மேசையும் இல்லை.

ராவணா நீர்வீழ்ச்சியில் ஒரு கிழவி விற்ற அவித்த சோளம்தான் அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு. உப்புத்தண்ணீரில் இருந்து ஆவி பறக்க எடுத்துக் கொடுத்தார், சொன்ன விலைதான் வாங்கினார்.

பகல் சாப்பாட்டுக்கு அவர் கூட்டிப்போன இடத்தில் விலைப்பலகை இல்லை. நாலு சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, ஆறிப்போன கோழி, மகளுக்கு ஒரு ரொட்டியும் கட்டச்சம்பலும். துண்டுக் காகிதத்தில் 9,200 என்று எழுதி நீட்டினார்கள். தண்ணீர்ப் போத்தலில் 100 ரூபாய் என்று அச்சடித்திருக்க, 200 போட்டிருந்தார்கள். போத்தலைக் காட்டிக் கேட்டேன், "இது டூரிஸ்ட் ஏரியா" என்றார்கள். எந்த ஏரியாவாக இருந்தாலும் அச்சடித்த விலைக்கு மேல் விற்பது குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம். பில் கேட்டு வாங்குங்கள், போத்தலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. வேன்காரர் உள்ளே சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருக்குப் பில் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்தும் அடுத்த கடையில் கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்துப் பாகு, இரண்டு போத்தல் வாங்கினேன், 3,600. என்னை என்ன சொல்ல! ருசி பார்க்கக் கொடுத்தது அசல்தான், விறகுப் புகை வாசம் இருந்தது. கட்டிக் கொடுத்தது வேறு. பத்து நாளில் போத்தலுக்கு அடியில் சீனி கட்டிக்கொண்டது. வாங்குகிறவர்கள் ருசி பார்த்த அதே போத்தலைக் கேளுங்கள்.

தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி லிப்டன் சீட்டுக்கு ஏறும்போது மணி நாலரை. மேலே போனால் வெள்ளைத் துணியை விரித்துப் போட்ட மாதிரி மூட்டம். பக்கத்தில் நின்ற மகளே மங்கலாகத்தான் தெரிந்தாள். தெற்குக் கரை வரை தெரியும் என்று அவளுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இருட்டிய பிறகு பண்டாரவளையில் இறக்கிவிட்டு 16,500 கேட்டார். வெயிட்டிங், கூடுதல் தூரம், மலை ரோடு என்று காரணம் சொன்னார். அம்மா குளிரில் நின்றுகொண்டிருந்தார், கொடுத்துவிட்டேன். போகிறவர்கள் இடங்களையும், எந்த இடம் முதலில் என்பதையும், வெயிட்டிங் உட்பட மொத்தக் காசையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொந்தக்காரராகவே இருந்தாலும் எழுதுங்கள்.

போன வாரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணே, அம்மா சொகமா? ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போவமா? ஒங்களுக்கு மட்டும் கொறச்சு."