சொகுசு கார் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்

மூன்று வாரமாகச் சனி ஞாயிறெல்லாம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிய அலுப்பில் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உள்ளே விளக்குப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிற காரைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் அநேகமாக இருக்கிற ஆப்ஷன் அத்தனையும் ஏற்றியிருப்பார்கள், விளம்பரத்தில் போடும் ஆரம்ப விலைக்கு அந்தக் கார் வராது. நான் கேட்ட ஒன்றில் நல்ல ஸ்பீக்கர் வேண்டுமென்றால் கூடவே எனக்குத் தேவையே இல்லாத இரண்டு சமாச்சாரத்தையும் சேர்த்து பேக்கேஜாகத்தான் வாங்க வேண்டுமாம். எதெல்லாம் காரோடு வருகிறது, எதற்கெல்லாம் சில வருடம் கழித்துச் சந்தா கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2022-இல் பிஎம்டபிள்யூ, காரிலேயே பொருத்தியிருக்கிற சீட் ஹீட்டருக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. ஊரே திட்டியது, அடுத்த வருடம் அதைக் கைவிட்டார்கள். மேப், மொபைல் ஆப் மாதிரி விஷயங்களில் இந்தச் சந்தா இன்னும் இருக்கிறது.

டெஸ்ட் டிரைவ் என்று பத்து நிமிடம் வழவழப்பான ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கூட்டி வந்துவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தினமும் போகிற ரோட்டில், முடிந்தால் ராத்திரியிலும் ஒரு தடவை, முக்கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். நான் முதலில் ஓட்டியது 21 அங்குல வீல் போட்ட கார். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் 'டொம்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங் வழியாக முழங்கை வரைக்கும் வந்தது. அதே மாடல், 19 அங்குல வீல், அதே பள்ளம். ஏதோ கடந்து போன மாதிரிதான் இருந்தது. வீல் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகிவிடும், அதிர்ச்சியைத் தாங்க அங்கே ரப்பரே இருக்காது. ரன்-ஃபிளாட் டயர் என்றால் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்பது நல்லதுதான், ஆனால் அந்தத் தைரியத்தில் ஸ்டெப்னியே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், டிக்கியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் இந்தத் தொடுதிரை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கை நீட்டினால் மெனுவுக்குள் மெனு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனைப் பையன் "அப்படி இல்ல சார், கீழேருந்து மேல தள்ளுங்க" என்று பாடம் எடுக்கிறான், நான் அந்த நேரம் ரோட்டைப் பார்க்கவே இல்லை. புதுக் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் மாதிரி முக்கியமானவற்றுக்கு நிஜமான பொத்தான் இல்லாவிட்டால் மதிப்பெண் குறைப்பதாகச் சொன்னதே இதனால்தான். என் கணக்கில் திருகுகிற ஒரு குமிழ், 12 அங்குலத் திரையைவிடப் பெரிய சொகுசு.

பின் சீட்டை நான் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டேன், அம்மா கூட வந்ததால் தப்பித்தேன். அன்று பார்த்தது ஒரு மின்சாரக் கார், தரைக்கடியில் பேட்டரி, அதனால் தளம் உயர்ந்து சீட் தாழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் "என்னடா இது, முழங்கால் நெஞ்சுக்கு வருது" என்றார். தொடைக்கு அடியில் தாங்கலே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் தெரியும், பிரோஷரில் தெரியாது.

பெயருக்குக் கொடுக்கிற காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடி க்யூ7, போர்ஷே கயென், பென்ட்லி பென்டைகா, லம்போர்கினி உருஸ் நாலும் ஒரே குழுமத்தின் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. அதனால் நாலும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, எஞ்சின், சஸ்பென்ஷன், உள்வேலை எல்லாம் வேறுதான். ஆனால் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுங்கள்.

வாங்குகிற காசை எப்படியாவது புரட்டிவிடலாம், வாரண்டி முடிந்த பிறகுதான் கார் தன் சுயரூபத்தைக் காட்டும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காரைத் தாங்கும் காற்றுப் பை) போனால் செலவு எவ்வளவு, ஒரு ஜோடி டயர் என்ன விலை, சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் விற்பவரிடம் கேட்காமல் சர்வீஸ் பக்கம் நேராகப் போய்க் கேளுங்கள். ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருந்து ஒரு வருடம் ஓடிய டெமோ காரையும் விசாரியுங்கள். சொகுசு கார்களுக்கு முதல் சில வருடங்களில்தான் மதிப்பு தடதடவென்று இறங்கும், அந்த இறக்கத்தை வேறொருவர் தலையில் கட்டிவிடலாம்.

டெலிவரி எடுக்கும்போது பெயின்டைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2325 என்றிருந்தால் 2025-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். ஒரு ஷோரூமில் "இப்போதுதான் சார் வந்தது" என்று காட்டிய புதுக் காரின் டயருக்கு ஒன்றரை வயது. கேட்டதும் மேனேஜரைக் கூப்பிடப் போனவர் அரை மணி நேரம் வரவே இல்லை, நாங்களும் கிளம்பிவிட்டோம்.

கடைசியில் புக் பண்ணியது 19 அங்குல வீல், ஏசிக்குக் குமிழ் இருக்கிற, பின்னால் அம்மா கால் நீட்டி உட்கார முடிகிற ஒரு கார். நிறம் மட்டும் எனக்குப் பிடித்தது கிடைக்கவில்லை.