பாலைவன ஓடை, பிள்ளைகள், ஒரு டென்ட்: பொரேகோவில் ஆறு குளிர்காலம்

கலிபோர்னியாவின் ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் நாங்கள் முதன்முதலாக டென்ட் போட்டது 2019 மார்ச்சில். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. சான் டியாகோவிலிருந்து மலை ஏறி இறங்கினால் இரண்டு மணி நேரம். அந்த வருடம் நல்ல மழை, மணல் முழுக்க ஊதாப் பூ. அப்புறம் மகன் பிறந்தான். இதுவரை ஆறு குளிர்காலம் போய்விட்டோம். சின்னப் பிள்ளைகளோடு போக யோசிப்பவர்களுக்கு இது உதவட்டும்.

நாங்கள் தங்குவது பாம் கேன்யன் முகாமில். குழாய்த் தண்ணீர், கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு. டயப்பர் வயதுக் குழந்தை இருந்தால் வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். சனி, ஞாயிறு வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சரியான காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், குழந்தைகளோடு அந்தப் பக்கமே போகக் கூடாது.

முகாமிலிருந்து ஒன்றரை மைல் நடந்தால் பனைத்தோப்பு. கலிபோர்னியாவின் சொந்த மரமான விசிறிப் பனை. நம் ஊர்ப் பனையைப் போலவே ஓலை விசிறியாக விரியும், காய்ந்த ஓலை மட்டும் உதிராமல் பாவாடை மாதிரி தொங்கும். தோப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஓடை எதிரே வந்துவிடும். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். வீட்டிலிருந்து தூக்கிப்போன விளையாட்டுச் சாமான் எதையும் ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை.

ஓடை மணலில் உறிஞ்சப்பட்டு மறையும் இடம் ஒன்று இருக்கிறது. நுனியில் நீர் ஒரு விரல் அகலத்துக்கு ஒடுங்கி, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்து, அப்படியே ஈர மணலாகிவிடும். ஒரு காலையில் மகள் அந்த நுனியில் ஒரு வெள்ளைக் கல் வைத்தாள். மூன்று மணிக்குத் திரும்பும்போது பார்த்தால், தண்ணீர் கல்லைவிட்டுப் பத்தடி மேற்புறமாகப் பின்வாங்கியிருந்தது. "யாரும்மா குடிச்சா?" என்று கேட்டாள். பனையும் வில்லோ மரமும் பகலெல்லாம் குடிக்கின்றன, வெயிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது என்றேன்.

பள்ளத்தாக்கில் விழுந்து கிடக்கும் பனந்தண்டுகளைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 2004 செப்டம்பரில் வந்த திடீர் வெள்ளம் நிறைய மரங்களைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்து போட்டது, முகாமும் சேதமானது. அதனால்தான் சொல்கிறேன், மணல் மெத்தென்று இருக்கிறது என்று வறண்ட ஆற்றுப்படுகையில் டென்ட் போடாதீர்கள். நம் தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கும், மேலே மலையில் பெய்த மழை இங்கே வந்து இறங்கும். 2020 ஜனவரியில் தோப்பில் தீப்பிடித்தது. அடுத்த முறை போனபோது அடிமரம் கரிக்கட்டை, உச்சியில் பச்சைக் குருத்து. மகள் வெகுநேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சாமான் விஷயம். முதலில் வாங்கிய மலிவு டென்ட்டின் கம்பி இரண்டாம் வருடக் காற்றில் முறிந்தது. அங்கே வசந்த காலக் காற்று பொல்லாதது. உயரம் குறைந்த டென்ட்டாக வாங்குங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு முழம் ஆழத்தில் புதைக்கிறோம்; அப்புறம் ஒருமுறைகூடப் பிடுங்கவில்லை. காற்று மெத்தை மட்டும் போதாது, இரவில் தரையின் குளிர் முதுகில் ஏறும். அடியில் ஃபோம் பாய் போட்ட பிறகுதான் மகன் விடியும்வரை தூங்கினான்.

மறக்கக் கூடாத பொருள் ஒரு அகலப்பல் சீப்பு. ச்சோயா (cholla) என்ற கள்ளியின் முள்ளுருண்டை லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். மகனின் கெண்டைக்காலில் ஒட்டியபோது சீப்பை அடியில் கொடுத்து ஒரே தட்டில் எடுத்தார் என் கணவர். மிஞ்சிய முள்ளுக்கு இடுக்கி. மூடிய ஷூ மட்டுமே போடவேண்டும், காலையில் உதறிவிட்டுத்தான் போடவேண்டும்.

விறகு பொறுக்க அங்கே அனுமதி இல்லை, வாங்கிக்கொண்டு போகவேண்டும். சமையலுக்கு கேஸ் அடுப்புதான் வசதி. புளியோதரை முதல் நாளைக்கு, அடுத்த நாளுக்கு ரவா உப்புமா. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். பூங்காவை ஒட்டிய பொரேகோ ஸ்பிரிங்ஸ் 2009-இல் இருண்ட வானத்துக்கான ஊர் என்று அங்கீகாரம் பெற்றது. மகன் பால்வீதியை முதலில் பார்த்தது அங்கேதான்.

ஓடையில் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் பெருங்கொம்பு ஆடுகள் நீர் குடிக்க இறங்கும். அழியும் நிலையில் உள்ள இனம், கிட்டே போகக் கூடாது. ஆறு வருடத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறோம்.

போன ஜனவரியில் கல் வைத்தது மகன். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ராத்திரி தண்ணீர் திரும்பி வந்து, கல்லைத் தாண்டிக் கீழே போயிருந்தது.