"7.1 டிஜிட்டல்" என்று சொல்லி 6,800 ரூபாய் கறந்துவிட்டார்கள்: சவுண்ட் கார்டு வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

வயிறு எரிகிறது. 6,800 ரூபாய்! ஹாலில் டிவியோடு கிடக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்புக்கு (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) 5.1 சத்தம், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் பெட்டிக்கும் தனித்தனி சத்தம், போகணும், நான் கேட்டது அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடை. பெயர் போட்டால் வம்பு.

"மதர்போர்டிலேயே எச்டிஎம்ஐ இருக்கே, போதாதா?" என்று கேட்கத்தான் செய்தேன். "அது படத்துக்கு சார். சத்தம் ஸ்டீரியோதான் வரும். தியேட்டர் எஃபெக்ட் வேணும்னா ஆப்டிகல் எடுங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். ஆப்டிகல் என்றால் சத்தத்தை ஒளியாகக் கடத்தும் கேபிள். நிதானமான பேச்சு. டீ வேறு வரவழைத்தார். பெட்டியைப் பிரித்து, கார்டை அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஆப்டிகல் கேபிளின் மறுமுனையை என் உள்ளங்கையில் பிடித்தார். சிவப்பாய் ஒரு புள்ளி விழுந்தது. "பாத்தீங்களா, ப்யூர் டிஜிட்டல். எங்க வீட்லயும் இதான் ஓடுது." அங்கேயே பணத்தை எண்ணி வைத்தேன்.

வீட்டில் மாட்டினால் ஆம்ப் காட்டுவது பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் சத்தம்), இரண்டு சேனல். பின் ஸ்பீக்கர்கள் ஊமை. பழைய டிவிடி மட்டும் 5.1-இல் பாடியது. கேம் ஸ்டீரியோ. புளூ-ரேயின் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி சத்தம்) ம்ஹூம். எப்படி வரும்? ஆப்டிகலில் போவது இரண்டு சேனல் பிசிஎம், இல்லாவிட்டால் சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர், சுருக்காத 5.1 எல்லாம் போக எச்டிஎம்ஐ வேண்டும். கேம் சத்தத்தை 5.1 ஆக ஆப்டிகலில் அனுப்ப, கார்டில் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் (சத்தத்தை அப்போதைக்கப்போதே சுருக்கி அனுப்பும் வசதி) இருக்கணும். இதில் இரண்டும் இல்லை. பெட்டியில் தங்க எழுத்தில் மினுக்கும் அந்த 7.1, பின்னாலிருக்கும், ஆப்டிகலுக்குச் சம்பந்தமில்லாத அனலாக் ஓட்டைகளைப் பற்றியது!

போர்டின் எச்டிஎம்ஐயை ஆம்ப்பில் செருகினேன். எல்லாம் வந்தது, ட்ரூஎச்டி உட்பட. அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

போன் செய்தால், "டிரைவர் போடுங்க சார்." போட்டேன். "கேபிள் மட்டமா இருக்கும்." கேபிளும் அவர்கள் கொடுத்ததுதான், 6,800-இல் அதுவும் சேர்த்தி. "அப்ப உங்க ஆம்ப் பழசு." நேரில் போனால் விற்றவர் வெளியூராம், உள்ளறையில் அவர் குரல் கேட்கிறது. "சீல் உடைச்சா கம்பெனி எடுக்காது சார்" என்கிறான் பையன். உடைத்ததே உங்கள் முதலாளிதானப்பா! கடைசியில், 1,500 ரூபாய்க்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 6,800 கொடுத்தவனிடம்! இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஆம்ப்பில் எச்டிஎம்ஐ இருந்தால் முதலில் அதில் செருகிப் பாருங்கள். சில பழைய ஆம்ப்கள் அதில் படத்தை மட்டும் கடத்தும், மேனுவலைப் புரட்டுங்கள். ஆப்டிகல்தான் வழி என்றால், டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் என்று பெட்டியில் அச்சாகியிருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. பில்லில் மாடல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். எனக்கு வெறும் "சவுண்ட் கார்டு 1, 6,800" என்று கிறுக்கியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போடப் போகிறேன்.