கிளட்ச் மிதித்தும் நிற்காத வண்டி: புல் விளையில் மூன்றரை வருடம்

கிளட்ச் பிளேட் மாற்றி வண்டி போன வாரம்தான் வீடு வந்து சேர்ந்தது. மறுநாளே பூதப்பாண்டியிலிருந்து மச்சினன் போன். “டிராக்டருக்கு ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே அத்தான், உங்க வண்டி மாதிரியே நானும் ஒண்ணு எடுக்கட்டா?” 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது உண்மைதான். வரிக்கு முன் ஐந்து லட்சம் வரும் வண்டியில் 35,000 ரூபாய் மிச்சம். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குப் போதும். என்னால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

திருவட்டாறு பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் விளை. இருநூறு மூடு தென்னை, அடியில் முழுக்கப் புல், ஆறு மாடு. அண்ணனுடைய இரண்டு ஏக்கரையும் அக்கம்பக்கத்து விளைகளையும் நானே அரிந்து கொடுக்கிறேன். 2022 தொடக்கத்தில் எடுத்த வண்டி. 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, பின்னால் புல் அரிய நாலடி ஸ்லாஷர். மீட்டரில் இப்போது 610 மணி.

மாடு மேய்கிற நிலத்துக்கு டிராக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மாடு இளம்புல்லைத்தான் கடிக்கும். முற்றிய தண்டு, தொட்டாச்சிணுங்கி, உண்ணிச்செடி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் போய்விடும். நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இரண்டு மழையிலும் களைதான் முந்தும். தரையிலிருந்து நாலு விரல் விட்டு அரிந்துவிட்டால் களை பூத்து விதை போடுவதற்குள் தலை போய்விடும், புல் அடியிலிருந்து கிளைத்து வரும். முன்பு தோளில் மாட்டும் மெஷினோடு இரண்டு ஆள் நாலு நாள் நிற்பார்கள். இப்போது என் மூன்று ஏக்கரையும் ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறேன். மணிக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் டீசல்.

இந்த வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் எடை. ஒரு டன்னுக்கும் குறைவு. முன்பு வாடகைக்கு வந்த பெரிய வண்டி இரண்டு டன் இருக்கும். மழை விட்ட மறுநாள் அது ஏறிய இடத்தில் சக்கரத்தடம் பள்ளமாகி, அதில் தண்ணீர் நின்று, அந்தக் கோட்டில் புல் வராமல் கோரை வந்தது. இந்த வண்டி போன இடத்தில் புல் படுத்து எழுந்துவிடுகிறது. மூன்றாவது வருடம் விளையின் வடக்கு மூலையில், சிரட்டையும் கொதும்பும் கிடந்த செம்மண் தரை முழுக்க அருகு பிடித்துப் பச்சையானதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு விஷயம்: வளைவில் திரும்பும்போது நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். மறந்தால் முன் டயர் புல்லை வேரோடு கிழித்துவிடும்.

சரி, கிளட்சுக்கு வருகிறேன்.

என் வண்டியில் ஒற்றை கிளட்ச். எஞ்சினிலிருந்து வரும் சக்தி ஒரே கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்கும் போகிறது, ஸ்லாஷரைச் சுற்றும் பிடிஓவுக்கும், அதாவது வண்டியின் பின்னால் நீட்டியிருக்கும் தண்டுக்கும் போகிறது. வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. அவர் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டித்தான் ஓட்டிக் காட்டினார். ரோட்டவேட்டரின் கத்தி மண்ணுக்குள் இருக்கிறது. கிளட்சை மிதித்த நொடியே மண் அதைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால் வயலில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. அவர்களுக்கு இது நல்ல வண்டிதான், அதை நான் மறுக்கமாட்டேன்.

ஸ்லாஷர் அப்படியல்ல. கனமான கத்தி காற்றில் சுற்றுகிறது. கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்தாலும் அந்தச் சுற்று நிற்பதில்லை. அது பிடிஓ வழியாகத் திரும்பி கியர்பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து சக்கரத்தைத் தள்ளும். நீங்கள் நிறுத்த நினைக்கிறீர்கள், வண்டி முன்னால் போகிறது.

வாங்கிய இரண்டாவது மாதம் இது நடந்தது. சரிவில் இறங்கி வருகிறேன். கீழே கையாலைச் சுவர் ஓரம் என் மனைவி கன்றை அவிழ்க்கக் குனிந்திருந்தாள். நூறு அடிக்குள் யாரும் நிற்கக்கூடாது, கத்தியில் பட்ட கல் தெறிக்கும் என்று நானே எல்லோரிடமும் சொல்வேன். நான் அந்தப் பக்கம் வருவதற்குள் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள். பார்த்ததும் கிளட்சை மிதித்தேன். நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தேன், பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு வண்டி இன்னும் போனது. சட்டென்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளியதும்தான் நின்றது. பம்பர் கையாலையில் முட்டி இரண்டு கல் சரிந்தது. அவள் கன்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். அன்று எனக்கு வந்த நடுக்கம் ராத்திரி வரை போகவில்லை.

அப்புறம் நாகர்கோவிலில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சிதான் வழி சொன்னார். பிடிஓ தண்டில் ஓவர்ரன்னிங் கப்ளிங் என்று ஒன்றை மாட்டினால் சக்தி ஒரு பக்கமாக மட்டும் போகும். எஞ்சின் கத்தியைச் சுற்றலாம், கத்தி வண்டியைத் தள்ள முடியாது. சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. தண்டு சில அங்குலம் நீண்டுவிடும் என்பதால் அதை வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நாலாயிரத்துக்குள் முடிந்தது. தள்ளுவது அன்றோடு நின்றது. வண்டியோடு சேர்த்தே கொடுத்திருக்க வேண்டிய சாமான் அது. இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

ஆனால் பாதிதான் தீர்ந்தது. 25 அடிக்கு ஒரு தென்னை. ஒவ்வொரு மூட்டிலும் கிளட்ச் மிதித்து, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் போக வேண்டும். மிதிக்கும்போதெல்லாம் கத்தியின் வேகம் குறைகிறது. அந்த நேரத்தில் கத்திக்கு அடியில் இருக்கும் புல் வெட்டுப்படாமல் மடங்கிவிடுகிறது. கிளட்சை விடும்போது வண்டியையும் சோர்ந்த கத்தியையும் ஒரே பிளேட் சேர்த்து இழுக்க வேண்டும். இருநூறு மூடு, ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை. 610 மணியில் பிளேட் தேய்ந்ததில் என்ன ஆச்சரியம்? அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாகச் செய்தார்கள். இங்கே புல் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

இரட்டை கிளட்ச் இருந்தால் பெடலைப் பாதி மிதிக்கும்போது சக்கரம் மட்டும் நிற்கும், கத்தி அதே வேகத்தில் சுற்றும். முழுக்க மிதித்தால்தான் பிடிஓ நிற்கும். பிடிஓவுக்குத் தனி லிவர் வைத்த வண்டியும் இருக்கிறது, விலை கூடும். மச்சினனிடம் சொன்னேன், அந்த 35,000 ரூபாயைப் பையில் போடாதே, அதை இந்த கிளட்சுக்குச் செலவு செய். ஷோரூமில் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டிக் காட்டினால் பார்க்காதே. ஸ்லாஷரை மாட்டச் சொல், புல் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவரச் சொல், நீயே ஏறி உட்கார்ந்து பாதி கிளட்ச் மிதித்துப் பார். நாலடி ஸ்லாஷருக்குப் பிடிஓவில் 20 குதிரைத்திறனாவது வேண்டும், அதைவிடக் கூடுதலாக இருக்கும் எஞ்சின் கணக்கைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

“அப்போ உங்க வண்டி வேண்டாமா அத்தான்? போன மாசம்கூட அதைப் புகழ்ந்துதானே பேசினீங்க” என்றான். புகழ்ந்தேன். அந்த எடைக்கும், வடக்கு மூலைப் பச்சைக்கும் இன்னும் புகழ்வேன். ஆனாலும் வேண்டாம். உன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் விளையில் ஓடித் திரிகிறவர்கள். அந்த ஒரு காரணம் போதும், இந்த வண்டியை எடுக்காதே. விலையைப் பார்த்து இதையேதான் எடுப்பேன் என்றால், கப்ளிங் மாட்டாமல் ஒரு சென்ட் நிலம்கூட அரியாதே. அந்த அண்ணாச்சியிடம் நானே கூட்டிப் போகிறேன்.