பொது நிர்வாக முதுகலை: மூன்று தாளுக்காகப் படிக்கலாம்

வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்புகளில் பொது நிர்வாக முதுகலைப் படிப்பை முடித்திருக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையும் மூன்றே தாள்கள் வாங்கிக்கொடுத்தது: பட்ஜெட், திட்ட அமலாக்கம், கொள்கைப் பகுப்பாய்வு. மற்ற தாள்கள் எல்லாம் கூட வந்தவை, அவ்வளவுதான்.

நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எனவே இது தினமும் கோப்பு பார்க்கிற ஒருத்தியின் மதிப்பீடு. ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தப் படிப்பு வேறு மாதிரி தெரியலாம்.

முதல் செமஸ்டர் வரலாறும் கோட்பாடும். 1887-இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையில் ஆரம்பிக்கிறார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே வில்சன்தான். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு, நிர்வாகத்தைத் தனித் துறையாகப் படிக்க வேண்டும் என்றார். அங்கிருந்து அதிகார வர்க்க அமைப்பை விளக்கிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், பிறகு 1937-இல் லூதர் குலிக் போட்ட ஏழு கடமைகளின் பட்டியல்: திட்டமிடல், அமைப்பாக்கல், ஆள் சேர்த்தல், வழிநடத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கை தருதல், பட்ஜெட். தேர்வில் இதை அப்படியே எழுதினால் மதிப்பெண். மனப்பாடம் பண்ணி எழுதினோம், மறந்தோம்.

அந்தத் தாளைக் காப்பாற்றியவர் ஹெர்பர்ட் சைமன். 1978-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். நிர்வாக விதிகள் எல்லாம் பழமொழி மாதிரி, ஒவ்வொன்றுக்கும் எதிராக இன்னொன்று தயாராக இருக்கிறது என்று 1946-இலேயே போட்டு உடைத்தார். ஓர் அதிகாரியின் கீழ் குறைவான ஆட்களே இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. மேலிருந்து கீழ்வரை படிகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதைப் பின்பற்றினால் படிகள் தானாகக் கூடிவிடும், இரண்டாவது அடிபடும். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு சீரமைப்புக்கும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் காரணமாகச் சொல்வார்கள், அந்தந்த வருஷத்துக்கு எது தோதோ அது.

இனி பட்ஜெட் தாள். இந்தப் படிப்பில் சேர எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான் என்றுகூடச் சொல்வேன். எடுத்தவர் நிதித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பிலேயே ஒரு கற்பனை நகரத்தின் வரவு செலவுக் கணக்கை எக்செல் தாளில் கொடுத்து, வருமானம் 15 சதவீதம் விழுந்துவிட்டது, வெட்டுங்கள் என்றார். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, சம்பளத்தில் கை வைக்க முடியாது, ஓய்வூதியத்தில் முடியாது, கடனுக்கு வட்டி கட்டியே ஆக வேண்டும். மிச்சம் இருக்கிற சின்னப் பகுதிக்குள்தான் முழு வெட்டும் விழுந்தாக வேண்டும். ஏறக்குறைய எல்லா குழுக்களும் போய் நின்ற இடம் பராமரிப்பு. குழாய் பராமரிப்பு, சாலை பராமரிப்பு, கட்டடப் பராமரிப்பு. அதை வெட்டினால் யாரும் ஊர்வலம் வரமாட்டார்கள் அல்லவா.

எல்லோரும் கணக்கைச் சரிக்கட்டிவிட்டுத் திருப்தியாக இருந்தபோது, அவர் அதே கோப்பில் மறைத்து வைத்திருந்த ஐந்தாம் ஆண்டுத் தாளைத் திறந்தார். பராமரிப்பில் குறைத்த தொகைக்கு ஏற்ப அவசரப் பழுதுச் செலவு ஏறும்படி சூத்திரம் போட்டு வைத்திருக்கிறார். அதிகம் மிச்சம் பிடித்த குழுதான் அதிகச் சிவப்பில் இருந்தது. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. "அடுத்த வாரம் திருத்தி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு பட்ஜெட் சீர்திருத்தங்களின் வரலாறு வந்தபோது அது பெயர்ப்பட்டியலாகத் தெரியவில்லை. 1961-இல் ராபர்ட் மெக்னமாரா அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குள் திட்டவாரி பட்ஜெட் முறையைக் கொண்டுவந்தார். 1965-இல் அதிபர் ஜான்சன் அதை மற்ற துறைகளுக்கும் விரித்தார். 1971-இல் கைவிட்டார்கள். ஒவ்வொரு செலவையும் ஒரு நோக்கத்தோடு கட்டிப்போட வேண்டும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் அதற்கான காகித வேலை மலையாகக் குவிந்தது, பணம் ஒதுக்கிய நாடாளுமன்றமோ பழைய தலைப்புகளிலேயே கணக்கைக் கேட்டது. இரண்டு பட்டியலையும் தயாரிக்கிற ஆளுக்கு என்ன கதி என்று கணக்குப் பிரிவில் இருப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989-இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கினார்கள். அதற்கு இரண்டாவது கொடுத்திருக்கலாம்.

அமலாக்கத் தாள் அடுத்தது. அதில் ஓக்லாந்து கதையை யாரும் மறக்கமாட்டார்கள். 1966-இல் அமெரிக்க மத்திய அரசு நிறுவனம் ஒன்று அந்த நகரத்தில் துறைமுக முனையமும் விமானக் கொட்டகையும் கட்டி, வேலையில்லாதவர்களுக்கு 3,000 வேலை உருவாக்குவதாக அறிவித்தது. சுமார் 2.3 கோடி டாலர் கையில். எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சொன்ன வேலைகளில் மிகச் சிறு பகுதிதான் வந்திருந்தது. இதை ஆராய்ந்த பிரஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் 1973-இல் ஒரு கணக்கைப் போட்டார்கள்: திட்டம் முடிய 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டன. யாரும் வேண்டுமென்று முட்டுக்கட்டை போடவில்லை. ஒவ்வோர் ஒப்புதலும் கிடைத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மேசையிலும் ஒப்புதல் கிடைக்க 95 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், எழுபதையும் தாண்டி வர வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 99 சதவீதம் என்று வைத்தாலும் பாதிக்குக் கீழேதான். சாதாரணப் பெருக்கல்தான். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், நிதி ஒப்பளிப்பு என்று வரிசையாகக் கையெழுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பெருக்கல் வயிற்றைக் கலக்கும். அசைன்மென்டாக அவரவர் அலுவலகத் திட்டம் ஒன்றின் பாதையை வரையச் சொன்னார்கள். நான் வரைந்ததில் ஒரே கோப்பு ஒரே மேசைக்கு வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பப் போவது தெரிந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மேலதிகாரியிடம் காட்டவில்லை.

இதோடு சேர்த்து, 1980-இல் மைக்கேல் லிப்ஸ்கி சொன்னதையும் படித்தோம். கொள்கை என்பது மேலே எழுதப்படுவது மட்டுமல்ல. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரும் வகுப்பில் நிற்கிற ஆசிரியரும் ரோந்து போகிற காவலரும் நேரமில்லாமலும் ஆளில்லாமலும் எடுக்கிற குறுக்கு வழிகள்தான் மக்கள் கைக்கு வந்து சேருகிற கொள்கை என்கிறார். பகுப்பாய்வுத் தாளில் இலக்கு நிர்ணயம் பற்றிய வகுப்புகள் இதன் தொடர்ச்சியாக அமைந்தன.

அங்கே காட்டிய ஒரு வரைபடத்தைச் சொல்லியாக வேண்டும். உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ்களுக்கு இலக்கு வைத்தார்கள். சில சேவைகளின் பதிவுகளை வரைந்தால், எட்டாவது நிமிடம் வரை கோடு ஏறி, எட்டைத் தாண்டியதும் செங்குத்தாக விழுகிறது. வண்டிகள் நிஜத்தில் அப்படி ஓடாது. எட்டைத் தாண்டிய நேரங்கள் சில இடங்களில் பிறகு எட்டுக்குள் 'திருத்தப்பட்டிருந்தன'. வகுப்பில் எல்லோரும் அந்தத் திருத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, தீயணைப்புத் துறையில் இருந்து வந்திருந்த ஒருவர் என் பக்கம் திரும்பி, "மேடம், கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்குதுன்னு முதல்ல கேளுங்க. போனை எடுத்ததும் ஓடுதா, முகவரி எழுதின பிறகா, வண்டி கிளம்பும்போதா? அதை மாத்தினாலே போதும், ஒரு நம்பரையும் திருத்த வேண்டாம்" என்றார். அவர் சொன்னது உண்மை: அந்தச் சேவைகளுக்குள்ளேயே கடிகாரம் தொடங்கும் இடம் ஒரே மாதிரி இருக்கவில்லை. பேராசிரியர் அதை அடுத்த ஸ்லைடில் வைத்திருந்தார். இவர் முந்திக்கொண்டார்.

மாலை வகுப்பின் பலமே இதுதான். மருத்துவமனை நிர்வாகி, பள்ளிக்கல்வி அலுவலர், தீயணைப்பு அதிகாரி எல்லோரும் ஒரே பெஞ்சில். நேராகக் கல்லூரியில் இருந்து வந்த இளையவர்கள் பாவம், இந்தப் பேச்சில் எதையும் பிடிக்க முடியாமல் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச காலம் எங்காவது வேலை பார்த்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தால்தான் போட்ட காசுக்கு முழுசாகத் தேறும்.

ஒரு பக்கக் குறிப்பு எழுதும் பயிற்சிக்கும் தனியாக மதிப்பெண் தருகிறேன். பிரச்சினை, மூன்று வழிகள், ஒவ்வொன்றின் செலவு, கடைசியில் என் பரிந்துரை, அதற்கு யார் எதிர்ப்பார்கள் என்பது. எல்லாம் ஒரே பக்கத்தில். 'மேலான உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்துத் தப்பித்தால் பேப்பர் திரும்பி வரும்.

குறைகளுக்கு வருகிறேன். புள்ளியியல் தாளை வணிகப் படிப்பில் இருந்து கடன் வாங்கிவிட்டார்கள். சோப்பு விற்பனையையும் கடைக்கு வரும் வாடிக்கையாளரையும் வைத்தே எல்லாக் கணக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நோய்ப் பரவல், பள்ளி இடைநிற்றல் என்று அரசிடம் மலைபோல் தரவு கிடக்கும்போது எதற்கு சோப்பு?

தலைமைப் பண்பு என்ற தாள் முழு வீண். கேள்வித்தாளை நிரப்பினால் உங்கள் குணத்துக்கு என்ன நிறம் என்று சொல்வார்கள். நான் மஞ்சள். மஞ்சளாக இருந்து என்ன செய்ய வேண்டும் என்பது செமஸ்டர் முடியும்வரை தெரியவில்லை.

எலினோர் ஆஸ்ட்ரோமை விருப்பப் பாடத்தில் ஒளித்து வைத்திருப்பது எனக்குப் பெரிய வருத்தம். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண், 2009-இல். சிறு காவல் துறைகளை ஒன்றாக இணைத்தால்தான் நல்ல சேவை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நேரில் அளந்து பார்த்து, சிறியவை பின்தங்கவில்லை என்று காட்டியவர். சிறு அலுவலகங்களை மூடி இணைப்பதுதான் இன்றைக்கும் எங்கும் முதல் யோசனையாக வருகிறது. அவரைக் கட்டாயப் பாடமாக்கி, குலிக்கின் பட்டியலை அரை வகுப்பில் முடித்திருக்கலாம்.

இறுதித் திட்டப்பணியில்தான் ஒன்றரைப் புள்ளியில் பாதியைக் கழித்தேன். ஏதாவது ஓர் அலுவலகத்தின் நிஜப் பிரச்சினையை எடுத்துத் தீர்வு சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் குழுவுக்குக் குடிநீர் இணைப்பு விண்ணப்பங்களின் தாமதம். அலுவலகம் சம்மதித்தது, தேநீர் கொடுத்தது, விண்ணப்பத் தேதிகளை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. கல்வி நிறுவனமும் எழுத்தில் எந்த ஒப்பந்தமும் போட்டிருக்கவில்லை. கவுண்டர் முன்னால் நின்று நாங்களே பார்த்து எழுதியதை வைத்து அறிக்கை கொடுத்தோம். நல்ல மதிப்பெண் வந்தது. அந்த அலுவலகம் அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதுகூட வரவில்லை.

ஆன்லைன் தளம் அடிக்கடி படுத்துவிடும், அதுவும் அசைன்மென்ட் கடைசி நாளில். நூலகம் பரவாயில்லை. பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். அது உங்கள் பணி விதிகளில் எழுதியிருக்கும், சேர்வதற்கு முன் அதைப் படியுங்கள், கல்லூரி விளம்பரத்தைப் படிக்காதீர்கள்.

சேர நினைப்பவர்கள் சேர்க்கை அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள். பட்ஜெட் தாளை எடுப்பவர் எப்போதாவது ஒரு பட்ஜெட் தயாரித்திருக்கிறாரா? திட்டப்பணிக்கு அலுவலகங்களோடு தரவு தருவதாக எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? புள்ளியியல் யார் துறையில் நடக்கிறது? பட்ஜெட் விருப்பப் பாடமாகவும் தலைமைப் பண்பு கட்டாயமாகவும் இருக்கிற பாடத்திட்டத்தைக் காட்டினால், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடலாம்.